மடியில் ஒரு லித்தியம் செல்: போர்டு இல்லாத சாமான்களைப் பத்திரமாகக் கையாள

போன பிசான நெல் பருவத்தின்போது சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி என் கடைக்கு வந்தார். ராத்திரி வயலுக்குத் தண்ணீர் மாற்றப் போகிறவர். கையில் டார்ச், வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல். "டார்ச்சு நல்லாத்தான் எரியுது தம்பி. மடியில வச்சிருந்த இன்னொரு செல்லுதான் தீயாச் சுட்டுட்டு. என்னன்னு பாரு" என்றார்.

மடியில் வேறு என்னென்ன இருந்தது என்று கேட்டேன். வெற்றிலை, பாக்கு, கொஞ்சம் சில்லறை, தகரத்தில் ஒரு சுண்ணாம்பு டப்பா. செல்லை வாங்கிப் பார்த்தால், தலைப்பக்கத்து ஓரத்தில் பிளாஸ்டிக் உறை நகக்கண் அளவுக்குக் கிழிந்திருந்தது. டப்பாவின் விளிம்பில் கறுப்பாக ஒரு பொட்டு. விஷயம் அவ்வளவுதான்.

இதைப் போலக் கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். வாழைக்குப் பன்றிக் காவல் போகிறவர்கள், ராத்திரி த்ரீ பேஸ் வந்தால் மோட்டார் போட எழுந்து போகிறவர்கள், கல்யாண மேடைக்குத் தெர்மாகோல் வெட்டுகிற பையன்கள், பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்துச் செல் எடுத்து எதையாவது செய்து பார்க்கிற பாலிடெக்னிக் மாணவர்கள். எல்லோர் கையிலும் ஒரே செல்தான். பாதிப் பேருடைய சாமானில் செல்லுக்கும் வேலைக்கும் நடுவில் காவல் காக்கிற ஒரு சர்க்யூட் போர்டு கிடையாது. போனில் போர்டு இருக்கிறது. சார்ஜ் நிறைந்தால் நிறுத்தும், அதிகம் இழுத்தால் வெட்டும், சூடானால் எச்சரிக்கும். போர்டு இல்லாத சாமானில் செல், சுவிட்ச், கம்பி, அவ்வளவுதான். போர்டு பார்க்கிற வேலையை நாம் பார்க்க வேண்டும்.

சொந்தக்காரப் பையன் ஒருவன் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தபோது ஒரு பித்தளைக் குழாய் கொண்டுவந்தான். உள்ளே இதே செல், அடியில் ஒரு பித்தான், மேலே சுருள் கம்பி. பித்தானை அமுக்கினால் கம்பி பழுத்து, மேலே ஊற்றியிருக்கிற திரவம் ஆவியாகும். "சித்தப்பா, இதுக்கு நல்ல செல் ஒண்ணு போட்டுத் தாங்க" என்றான். போட்டுத் தரவில்லை. அது மின் சிகரெட். அதற்குத் தமிழக அரசு 2018லேயே தடை போட்டது. 2019ல் மத்திய அரசின் சட்டமும் வந்துவிட்டது. செய்வது, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், விற்பதற்காக இருப்பு வைப்பது எல்லாம் குற்றம். செய்தோ விற்றோ முதல் தடவை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், சில சமயம் இரண்டும். மறு தடவை என்றால் 3 ஆண்டு, 5 லட்சம் வரை போகும். சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், இந்த மாதிரிச் சாமான் வெடித்து 2018ல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒருவரும், 2019 தொடக்கத்தில் டெக்சாஸில் ஒருவரும் இறந்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே பிடிக்கிற குழாய்க்குள் செல் வெடித்தால் என்ன மிஞ்சும்? நம் வயற்காட்டு டார்ச்சும் அடைத்த குழாய்தான்; முகத்துக்கு நேரே பிடிப்பதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஆகவே அந்தக் குழாய்க்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் நமக்கும் பொருந்தும்.

செல்லுக்குள் என்ன இருக்கிறது

இந்தச் செல்லை 18650 என்று சொல்கிறோமே, அது அளவு. குறுக்களவு 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர், கடைசிச் சைபர் உருளை வடிவத்துக்கு. கொஞ்சம் பருத்தது 21700.

உள்ளே இருப்பதைப் பத்தமடைப் பாயைச் சுருட்டி வைத்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு செப்புத் தகடு, ஒரு அலுமினியத் தகடு, இரண்டும் தொடாமல் இருக்க நடுவில் தலைமுடியை விட மெல்லிய பிளாஸ்டிக் ஏடு. மூன்றையும் சேர்த்துச் சுருட்டி, எளிதில் தீப்பிடிக்கிற கரைசலில் நனைத்து, எஃகுக் குப்பிக்குள் அடைத்திருக்கிறார்கள். செல் நசுங்கினாலோ, ரொம்பச் சூடேறினாலோ அந்த ஏடு போய்விடும். தகடுகள் தொட்டுக்கொண்டால் அப்புறம் செல்லைத் தீர்க்கிற வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். கீழே விழுந்து பள்ளம் விழுந்த செல்லைத் தட்டிச் சரி செய்யப் பார்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. தலை பிளஸ், அடி மைனஸ் என்று நினைக்கிறார்கள். அடி மட்டும் மைனஸ் இல்லை. அந்த எஃகு உடம்பு முழுக்க மைனஸ், தலைப்பக்கத்து விளிம்பு வரைக்கும். நடுவில் இருக்கிற பிளஸ் பொட்டுக்கும் சுற்றியிருக்கிற மைனஸ் விளிம்புக்கும் இடைவெளி ரொம்பக் கொஞ்சம். அங்கே காவல் இருப்பது ஒரு காகித வளையமும் மேலே சுருங்கிப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் உறையும்தான். உறை கிழிந்த இடத்தில் அண்ணாச்சியின் சுண்ணாம்பு டப்பா விளிம்பு போய் உட்கார்ந்தது. ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ், நடுவில் தகரம்.

அதனால் செல்லைக் கையில் எடுத்ததும் முதல் வேலை, வெளிச்சத்தில் பிடித்துத் தலைப்பக்கத்தைச் சுற்றிப் பார்ப்பது. விரல் நகத்தை ஓரத்தில் ஓட்டிப் பாருங்கள், கிழிசல் இருந்தால் தட்டுப்படும். கிழிந்திருந்தால் புது உறை போடும் வரை அந்தச் செல்லை உபயோகிக்க வேண்டாம். சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற உறை, ஷ்ரிங்க் ஸ்லீவ், சல்லிசாகக் கிடைக்கிறது. காகித வளையத்தை வைத்து, ஸ்லீவை மாட்டி, ஹேர் ட்ரையரில் காட்டினால் ஒரு நிமிஷ வேலை. செலோடேப் சுற்றுவது ஒரு வாரம்கூடத் தாங்காது. வெயிலில் பசை இளகி நகர்ந்துவிடும்.

வாங்கும்போது

உறையில் 9900 என்று அச்சடித்திருப்பார்கள். 18650 அளவில் இன்றைக்கு நல்ல கம்பெனிகள் செய்கிற செல்லே 3500 மில்லி ஆம்பியர்-அவர் (mAh) பக்கத்தில்தான் நிற்கிறது. 5000, 9900 என்று எழுதியிருந்தால் எழுதியவன் ஒன்று பொய் சொல்கிறான் அல்லது வேறு எதையோ எண்ணியிருக்கிறான்.

தராசு பொய் சொல்லாது. நல்ல செல் 45 கிராம் பக்கத்தில் இருக்கும். மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பாருங்கள், 30 கிராமுக்குக் கீழே காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதைவிட முக்கியமான இன்னொரு எண், எவ்வளவு ஆம்பியர் தொடர்ந்து கொடுக்கும் என்பது. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், மில்லி ஆம்பியர் அவர் என்பது குளத்தின் கொள்ளளவு. ஆம்பியர் என்பது மடையின் அகலம். பெரிய குளத்துக்குச் சின்ன மடை இருக்கலாம். சின்ன மடையில் பெரிய வெள்ளத்தை இழுத்தால் மடை உடையும். சாம்சங் 25ஆர் செல்லின் கொள்ளளவு 2500தான், ஆனால் 20 ஆம்பியர் தொடர்ந்து கொடுக்கும். அதே கம்பெனியின் 30க்யூ 3000 கொள்ளும், 15 ஆம்பியர்தான் கொடுக்கும். லேப்டாப்பில் இருந்து பிரிக்கிற செல்களில் பெரும்பாலும் 4, 5 ஆம்பியருக்கு மேல் இழுக்காமல் இருப்பது நல்லது. எண் பார்க்காமல் வாங்குகிறவர்கள் பெரிய குளத்தைப் பார்த்து மயங்கி மடையை மறந்துவிடுகிறார்கள்.

லேப்டாப் செல்லைச் சோதிக்க ஒரு வழி. 4.2 வோல்ட் வரை சார்ஜ் ஏற்றி, ஒரு வாரம் சும்மா வைத்துவிட்டு மீட்டரில் பாருங்கள். 4.1க்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளே எங்கோ கசிகிறது. ஏற்றும்போதே கை பொறுக்காத அளவு சூடானாலும் அதே கதைதான். முதலில் எடுக்கும்போதே 2 வோல்ட்டுக்குக் கீழே கிடக்கிற செல்லைச் சோதிக்கவே வேண்டாம். அவ்வளவு தாழ்ந்த செல்லுக்குள் செம்பு கரைந்திருக்கும். மறுபடி சார்ஜ் போட்டால் அது எங்கேயாவது முள்ளாகப் படிந்து ஏட்டைக் குத்தும். சார்ஜ் ஏறுகிறதே என்று சந்தோஷப்பட முடியாது.

கணக்கு: ஒரு தெர்மாகோல் கத்தியை வைத்து

மேடை அலங்காரத்துக்குத் தெர்மாகோல் வெட்ட நைக்ரோம் கம்பியைச் செல்லில் கட்டிச் சூடேற்றுகிறார்கள். செல், சுவிட்ச், கம்பி. மேலே சொன்ன பித்தளைக் குழாயும் இதே சர்க்யூட்தான். போர்டு இல்லாததால் எவ்வளவு கரண்ட் ஓடும் என்பதைக் கம்பியின் மின்தடை, அதாவது ஓம், மட்டுமே முடிவு செய்கிறது.

வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வோல்ட்டுக்கு எப்போதும் 4.2 போடுங்கள், 3.7 வேண்டாம். நிறைந்த செல்லில் முதல் நிமிஷம்தான் அதிகமாக இழுக்கும்.

0.4 மில்லிமீட்டர் கனமுள்ள நைக்ரோம் கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 8.7 ஓம். 20 சென்டிமீட்டர் வெட்டினால் 1.75 ஓம் வரும். 4.2ஐ 1.75ஆல் வகுத்தால் 2.4 ஆம்பியர். லேப்டாப் செல்லே தாங்கும். சூடு போதவில்லை என்று ஒரு பையன் கம்பியை 5 சென்டிமீட்டராகக் குறைத்தான். இப்போது 0.44 ஓம், 9.6 ஆம்பியர். லேப்டாப் செல்லுக்கு இது இரண்டு மடங்கு பாரம். கம்பி அறுந்து அறுந்து போகிறது என்று அதையே இரட்டையாகப் போட்டான். 0.22 ஓம், 19 ஆம்பியர். கம்பி பழுக்கும் முன்பே செல் கொதித்தது. அவன் செய்ததெல்லாம் ஆறு இஞ்ச் கம்பி விளையாட்டுத்தான். அந்த விளையாட்டில் கரண்ட் எட்டு மடங்கு ஏறிவிட்டது.

ஓம் அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. சாதா மல்டிமீட்டரின் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 என்று காட்டும். அதை முதலில் குறித்து வைத்துக்கொண்டு, கம்பியை அளந்த பின் கழியுங்கள். அரை ஓமுக்குக் கீழே சாதா மீட்டரை நான் நம்புவதில்லை. கம்பி நீளத்தை வைத்தே கணக்குப் போடுவேன்.

கரண்ட் பார்க்கிறேன் என்று மீட்டரை ஆம்பியரில் வைத்து, இரண்டு முனையையும் நேராகச் செல்லில் தொட்டுவிடாதீர்கள். ஆம்பியர் ஓட்டை என்பது மீட்டருக்குள் கிட்டத்தட்ட ஒரு வெறும் கம்பிதான். கடை ஆரம்பித்த புதிதில் நானே செய்தேன். முந்தின வேலைக்கு 10 ஆம்பியர் ஓட்டையில் சொருகிய ஒயரை மாற்ற மறந்து, வோல்ட் பார்ப்பதாக நினைத்துச் செல்லைத் தொட்டுவிட்டேன். நீலமாக ஒரு பொறி. முனை உருகிச் செல்லின் தலையில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கி எறிகிற மட்டும் மூச்சு வரவில்லை.

இரண்டு செல்லை வரிசையாகப் போட்டால் 8.4 வோல்ட். அதே கம்பியில் கரண்ட் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு. அப்படிப் போடுவதென்றால் ஜோடி மாடு மாதிரி, ஒரே நாளில் வாங்கிய ஒரே ரகம், சேர்ந்தே சார்ஜ் ஆகி, சேர்ந்தே வேலை செய்ய வேண்டும். ஒன்று புதிது, ஒன்று லேப்டாப்பில் எடுத்தது என்று பூட்டினால், சோப்ளாங்கி மாடு முதலில் விழும், நல்ல மாடு அதை இழுத்துக்கொண்டே போகும். முதலில் காலியான செல்லின் பிளஸ், மைனஸ் தலைகீழாகிவிடும். பழகும் வரைக்கும் ஒற்றைச் செல் சாமானோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செல்லின் மேலேயே ஈயம் வைத்து ஒயரை ஒட்டுவதும் கூடாது, அந்தச் சூடு நேராக உள்ளே போகும். செல் ஹோல்டர் போடுங்கள், இல்லையென்றால் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்கிற இடத்தில் கொடுங்கள்.

சார்ஜ் போடுவது

டிபி4056 என்று ஒரு சின்ன போர்டு, விலை டீ, வடைக் காசுதான். 4.2 வோல்ட்டில் தானாக நிற்கும். வாங்கும்போது ஆறு முனை உள்ளதைக் கேளுங்கள். அதில் செல் அடியோடு வற்றாமல் வெட்டிவிடுகிற சிப்பும் சேர்ந்திருக்கும். ஆனால் ஒன்று: அது சுமார் 2.4 வோல்ட் வரை விட்டுத்தான் வெட்டும். அதை நம்பி இருக்காதீர்கள், வெளிச்சம் மங்கத் தொடங்கும்போதே செல்லை மாற்றிவிடுங்கள். 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்காத செல் நீண்ட நாள் உழைக்கும்.

பழைய போன் சார்ஜர் ஒயரை வெட்டி நேராகச் செல்லில் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சார்ஜர் 5 வோல்ட், செல் 4.2 வோல்ட். நடுவில் நிறுத்த ஆள் கிடையாது.

சார்ஜ் போடுகிற இடம் சிமெண்டுத் தரை அல்லது அகலமான மண்சட்டி. பாய், மெத்தை, அரிசி மூட்டை, வைக்கோல் படப்பு இவை பக்கத்தில் இருக்கக் கூடாது. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மோட்டார் கொட்டகைக்குள் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவதும் அதே கணக்குத்தான்.

45 டிகிரிக்கு மேல் சூடான செல்லைச் சார்ஜ் செய்யக் கூடாது. நம் ஊர் சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் அந்தச் சூடு தானாக வந்துவிடும். வெயிலில் கிடந்த செல்லை உள்ளே கொண்டுவந்து, கன்னத்தில் வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு அப்புறம் போடுங்கள்.

கொண்டுபோவது

தனிச் செல்லுக்கு பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். சட்டைப் பையில் சாவியோடு, மடியில் சில்லறையோடு, பையில் ஸ்குரூடிரைவரோடு வைப்பதெல்லாம் ஒன்றுதான்.

டார்ச்சைப் பைக்குள் போடும்போது பித்தான் அமுங்கிக்கொண்டு எரியும். துணிக்குள் எரிந்தால் சூடு வெளியேறாது. வால் மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி வைத்தால் பல டார்ச்சுகளில் சர்க்யூட் அறுந்துவிடும். மரையில் கறுப்புப் பூச்சு இருக்கிற டார்ச்சில்தான் இது வேலை செய்யும். தளர்த்திவிட்டுப் பித்தானை அமுக்கிப் பாருங்கள், எரிந்தால் செல்லை வெளியே எடுத்து வைப்பதுதான் வழி.

பாதுகாப்பு போர்டு சேர்த்தே வருகிற செல்லும் உண்டு. அடியில் ஒரு வட்டப் போர்டு ஒட்டியிருக்கும், அதனால் 3, 4 மில்லிமீட்டர் நீளம் கூடும், சில டார்ச்சில் மூடி பூட்டாது. பூட்டுகிற டார்ச்சாக இருந்தால், புதியவர்களுக்கு நான் அதைத்தான் கொடுக்கிறேன். கொஞ்சம் விலை கூட.

சூடேறிவிட்டால்

செல் திடீரென்று சுடத் தொடங்கினாலோ, உஸ்ஸென்று சத்தம் வந்தாலோ, ஒரு மாதிரி இனிப்பு நெடி அடித்தாலோ, காரணம் தேடாதீர்கள். வெட்டவெளியில் மண் தரையில் தள்ளிவிட்டு விலகி நில்லுங்கள். டார்ச்சுக்குள் இருந்தால் மூடியைத் திறக்கப் போகாதீர்கள்; அடைத்த குழாய் எந்தப் பக்கம் பிய்த்துக்கொண்டு போகும் என்று தெரியாது. புகையில் நிற்க வேண்டாம், அதில் நுரையீரலை அரிக்கிற வாயு இருக்கிறது.

லித்தியத்தில் தண்ணீர் படக் கூடாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது லித்தியம் உலோகத்துக்கு. நம் கையில் இருக்கிற லித்தியம் அயான் செல்லுக்குத் தண்ணீர் நிறையக் கொட்டுவதுதான் மருந்து, குளிர்ந்தால்தான் பக்கத்துச் செல்லுக்குப் பரவாது. ஒரு சொம்பு போதாது, வாளி வாளியாக வேண்டும். அணைந்த மாதிரி இருந்து மறுபடியும் பிடிக்கும், அதனால் ஒரு மணி நேரமாவது ஆள் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டுக்குள் என்றால் ஆட்களை வெளியேற்றிவிட்டு 101.

கை சுட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம். பேஸ்ட், மை, தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். செல்லின் கரைசல் கண்ணில் தெறித்திருந்தால் கழுவிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கண்ணுக்கும் தீக்காயத்துக்கும் பார்ப்பார்கள். மோதிரம், கயிறு, வாட்ச் இருந்தால் வீங்கும் முன்பே கழற்றிவிடுங்கள்.

செத்த செல்

குப்பையில் போட்டால் குப்பைக் கிடங்கில் பற்றும், ஆற்றோரம் எறிந்தால் தாமிரபரணிக்குப் போகும். இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைத்து, மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். 2022ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள்படி, விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரிப்பவருக்கும் இறக்குமதி செய்கிறவருக்கும் இருக்கிறது. என் கடையிலும் ஒரு டப்பா வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சியின் கருகின செல் அதில்தான் கிடக்கிறது. அவருக்குப் போர்டு வைத்த செல் ஒன்றும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும் கொடுத்தேன். சுண்ணாம்பு டப்பாவையும் பிளாஸ்டிக்கில் மாற்றச் சொன்னதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அது எங்கய்யா வச்சிருந்தது தம்பி" என்று மறுபடி மடியில் சொருகிக்கொண்டு, செல் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.